ஜாடிக்கு எதிரே ஒரு பெஞ்சு

ஓவியம் பார்க்க வருகிறவர்களைப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. இதை வீட்டில் சொல்லிப் புரியவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"படத்தப் பாத்துக்கச் சொன்னாங்கன்னா புரியுது," என்றார் அப்பா. "எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். படம் பாக்கறவன எதுக்கும்மா பாக்கணும்?"

"அவன் எவ்வளவு நேரம் பாக்கறான்னு பாக்கணும்பா."

"பாத்து?"

"பதிவு பண்ணணும்."

தம்பி, உடைந்த செல்போன்களுக்குத் திரை மாற்றிப் பிழைக்கிறவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னான்: "இதுக்கா காலேஜு? எங்க கடைக்கு எதிர்ல ஒருத்தன் காலையிலேருந்து இதையேதான் செய்யறான். அவனுக்கு யாரும் சம்பளம் குடுக்கல."

அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அப்பா குளிர்பதனக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறவள். வரலாற்றுப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் ஏறி இறங்கிய பிறகு, நகரத்து ஓவிய அருங்காட்சியகத்தில் அவளுக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் இடம் கிடைத்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் 'பார்வையாளர் அனுபவ உதவியாளர்' என்று இருந்தது. அம்மா அதை அக்கம்பக்கத்தில் 'மியூசியத்துல ஆபீசர்' என்று சுருக்கிக்கொண்டாள். மியூசியத்தில் எல்லாரும் அவளை 'டேப்லெட்' என்று கூப்பிட்டார்கள். கையில் எந்நேரமும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அந்தப் பெயர்.

கட்டடம் ஒரு காலத்தில் சர்க்கரைக் கிடங்கு. மழைக்காலத்தில் கீழ்த்தளச் சுவர்களில் இன்னமும் எறும்பு ஊரும். சுவர்களுக்கு வெள்ளையடித்து, விளக்குகளைச் சாய்த்து மாட்டி, நுழைவாயிலில் கண்ணாடிக் கதவு வைத்ததும் அது அருங்காட்சியகம் ஆகிவிட்டது. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் தரையில் அரைவட்டமாக மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். யாராவது நாடாவுக்குள் கால் வைத்தால், அவள் டேப்லெட்டில் அந்தப் படத்தைத் தொட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். கால் வெளியே போனால் சிவப்பு. இடையில் ஓடுகிற நேரத்துக்கு 'ஈடுபாடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் அவர் படத்தைப் பார்த்தாரா, போனை நோண்டினாரா, காலணியில் புகுந்த கல்லைத் தட்டினாரா என்பதற்கெல்லாம் பொத்தான் கிடையாது.

ஒரு சந்தேகத்தை மட்டும் அவள் இயக்குநர் மேடத்திடம் கேட்டாள். "மேடம், செல்ஃபி எடுக்கறவங்க படத்துக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறாங்க. அதையும் சேக்கணுமா?"

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்சம் யோசித்தார். "சேத்துக்கோ. முதுகும் ஒரு உறவுதானே."

இந்த உலகத்தைப் பற்றி அவளுக்கு முன்பே ஒரு பயம் உண்டு. கல்லூரியில் ஒருமுறை இதே கட்டடத்துக்குக் கூட்டி வந்தார்கள். கூட வந்த பெண்கள் ஒரு நீலநிறப் படத்தின் முன்னால் நின்று "அய்யோ…" என்று உருகினார்கள். ஒருத்திக்குக் கண்கூடக் கலங்கியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீலம் தெரிந்தது, சட்டம் தெரிந்தது, சட்டத்தின் மேல் தூசி தெரிந்தது. தன்னிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டாள். மற்றவர்கள் வீட்டில் பாலோடு சேர்த்துப் புகட்டிய ஏதோ ஒன்று தன் வீட்டில் வாங்க மறந்துபோன சாமான் என்று தோன்றியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதிய இடைவேளையில் யாரும் பார்க்காதபோது படங்களின் முன்னால் போய் நிற்பாள். ஏதாவது வரும் என்று காத்திருப்பாள். பசிதான் வரும்.

ஆனால் நாள் முழுக்க மனிதர்களை அளந்துகொண்டே இருந்தால் பயம் எத்தனை நாள் தங்கும்?

அவள் பார்த்த கூட்டத்தில் முதல் வகை, பெயர்ப்பலகைக்காரர்கள். நேராகப் பலகைக்குப் போவார்கள், குனிந்து படிப்பார்கள், பலகையில் சொன்னது படத்தில் இருக்கிறதா என்று ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்கள். ரசீதோடு சாமானைச் சரிபார்த்த கடைக்காரர் மாதிரி திருப்தியோடு அடுத்ததற்கு நகர்வார்கள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறவர்கள். இவர்களுக்குப் படம் எதுவானாலும் ஒரே முகம்தான். புருவத்தைச் சுருக்கி "ம்ம்ம்" என்று ஒரு ஒலி எழுப்புவார்கள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அந்த ஒலி வராது என்பதை அவள் சீக்கிரமே கண்டுபிடித்தாள். "எங்க வீட்டு வாண்டு இதவிட நல்லா வரையும்" என்பவர்கள் தினமும் வந்தார்கள்; தாங்கள்தான் இதை முதன்முதலாகச் சொல்வதாக நினைத்து அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். அறைக்குள் நுழைந்த வேகத்திலேயே மறுவாசலில் வெளியேறி, "அவ்ளோதானா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள்மேல் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

பெரும்பாலான படங்களுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம்கூடக் கிடைக்கவில்லை. கல்லூரிப் பெண்கள் உருகி நின்ற அந்த நீலப் படத்துக்கும் அப்படித்தான். ஆக, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை! இது தெரிந்த அன்று அவளுக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல. நிம்மதிக்குப் பின்னாலேயே இளக்காரம் வந்தது. வந்த இளக்காரம் சட்டையை மாட்டி வைத்துவிட்டு உள்ளேயே குடியேறிவிட்டது.

மேல்மாடிக் கடைசி அறையில் ஒரு படம் இருந்தது. பழுப்புச் சுவர், பழுப்பு மேசை, மேசைமேல் பழுப்பு ஜாடி. ஓரத்தில் மஞ்சளாக ஒன்று. எலுமிச்சம்பழமா, மடித்த துணியா என்று வரைந்தவருக்கே நிச்சயமில்லை போலிருந்தது. அவர் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து செத்துப்போனவர். வீட்டில் அலமாரி வைக்க இடம் போதவில்லை என்று பிள்ளைகள் படத்தை நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள். படத்தின் பெயர் 'ஜாடி'.

"படத்துலதான் ஒண்ணுமில்ல, பேர்லயாவது ஏதாவது போட்டிருக்கலாம்," என்பார் அந்த அறையின் காவலாளி. நரைத்த பெரிய மீசை வைத்திருந்ததால் எல்லாருக்கும் அவர் மீசை அண்ணன். படங்களைக் காவல் காப்பதைவிட நாற்காலியைக் காவல் காப்பதில் அவருக்குக் கவனம் அதிகம்.

ஜாடிக்கு இடதுபக்கம் ஒரு கதவு. பெண்கள் கழிப்பறை. உள்ளே இரண்டு அறைகள். அதில் ஒன்றின் மேல் 'பழுது' என்ற அட்டை அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் உள்ளே போன பெண்கள் லேசில் திரும்ப மாட்டார்கள். கதவுக்கும் ஜாடிக்கும் எதிரே ஒரு பெஞ்சு. மொத்தக் கட்டடத்திலும் சாய்ந்து உட்காரும்படி முதுகு வைத்த ஒரே பெஞ்சு அது. அதற்கு நேர் மேலே ஏசி.

இனி சொல்லவும் வேண்டுமா? கணவன்மார், மாப்பிள்ளைகள், காதலர்கள், அண்ணன்கள் எல்லாரும் வரிசையாக அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார்கள். "இதப் புடிங்க, வந்துர்றேன்" என்று ஒரு கைப்பை மடியில் விழும். சிலருக்குப் பால்புட்டியும் சால்வையும். கைப்பையை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல், தூங்குகிற குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்காருவார்கள். தடித்த சுவருக்குள் போனுக்குச் சிக்னல் கிடையாது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தால் அசிங்கம். கதவுக்குப் பக்கத்தில் பார்க்க இருந்தது ஜாடி ஒன்றுதான். பார்த்தார்கள்.

பெஞ்சு தரையோடு திருகிப் பொருத்தியது. அதை நகர்த்த முடியாததால், நாடா ஒட்ட வந்தவன் பெஞ்சையும் சுற்றி வளைத்து ஒட்டிவிட்டுப் போயிருந்தான். ஆகவே பெஞ்சில் உட்கார்ந்த எல்லாரும் விதிப்படி ஜாடியோடு ஈடுபாட்டில் இருந்தார்கள்.

இரண்டாவது நாளே அவள் மேடத்திடம் சொல்லிப் பார்த்தாள். "மேடம், அங்க டாய்லெட் இருக்கறதால…"

"காரணம் நம்ம வேலை இல்லம்மா," என்றார் மேடம். "நாம அளக்கறோம். அவ்வளவுதான்."

சரி என்று அவளும் அளந்தாள்.

அரையாண்டு முடிந்து அறிக்கை போனது. ஜாடி மற்ற எல்லாப் படங்களையும் தூக்கிச் சாப்பிட்டிருந்தது. மேடம் அன்றே மாடியேறி வந்தார். எந்த அறை என்று மீசை அண்ணனிடம் வழி கேட்டுத்தான் வந்து சேர்ந்தார் என்பதை மட்டும் யாரும் வெளியே சொல்லவில்லை. ஜாடியை உற்றுப் பார்த்தார், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். "நம்ம கண்ணு முன்னாடியே இருந்திருக்கு," என்றார் தழுதழுத்து.

அதற்குப் பிறகு நடந்த கூத்து சாதாரணமானதல்ல. ஜாடி சுவரொட்டியில் ஏறியது. காப்பிக் கோப்பையில், துணிப்பையில், நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் ஏறியது. மேடம் ஒரு கட்டுரை எழுதினார். 'இந்த ஓவியத்தின் முன் நெடுநேரம் அமர்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தனியாக, கனத்த முகத்தோடு, மடியில் எதையோ இறுகப் பற்றியபடி அமர்ந்திருக்கிறார்கள். இன்றைய ஆணின் சொல்லப்படாத தனிமையை இந்த ஜாடி தொட்டிருக்கிறது.'

மீசை அண்ணனுக்கு அவள் இதை வாசித்துக் காட்டினாள். அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "தனிமையா? உள்ள போனவ வரலயேன்னு கடுப்புல உக்காந்திருக்கான்மா!"

சிரித்து முடித்த பிறகு அவளுக்கு உள்ளே ஏதோ நெருடியது. அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு வரிக்கும் கீழே நின்றது அவள் அழுத்திய பச்சைப் பொத்தான்.

ஒப்பந்தம் முடியும் மாதம் வந்தது. அருங்காட்சியகத்தின் நிர்வாகக் குழு கூடுகிறது, ஜாடியைக் கீழே முகப்பு மண்டபத்துக்குக் கொண்டுபோகப் பணம் ஒதுக்கப்போகிறது, அந்தக் கூட்டத்திலேயே அவளை நிரந்தரமாக்கும் முடிவும் எடுக்கலாம் என்று மேடம் சொன்னார். "நீயே வந்து ரெண்டு வார்த்த பேசணும்."

"அறிக்கையப் பத்தியா மேடம்?"

"அறிக்கை அவங்ககிட்ட இருக்கு. நீ உன்னப் பத்திப் பேசு." மேடத்தின் குரல் கனிந்தது. "'எங்கள் வீட்டில் யாரும் ஓவியம் என்று ஒன்றைப் பார்த்ததில்லை. இந்த ஜாடி என் கண்ணைத் திறந்தது.' இவ்வளவு போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். வேறென்ன செய்வது? வேலை போனால் அடுத்த இடமும் தயாராகக் காத்திருந்தது. அப்பா தன் கிடங்கு மேலாளரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். உறைந்த மீன் பெட்டிகளுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிற பிரிவில் ஆள் தேவைப்பட்டது. அவளுடைய சித்தப்பா மகள் அங்கேதான் இருந்தாள். வருஷம் முழுக்க அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று அந்த வரியைச் சொல்லிப் பார்த்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

"யாரு வீட்டுல யாரும் படம் பாத்ததில்ல?"

"சும்மா ஒரு பேச்சுக்கும்மா."

"வருஷா வருஷம் காலண்டர் மாட்டறனே, அதெல்லாம் என்னவாம்? போன வருஷம் அந்த மல, தண்ணி, படகு. எவ்வளவு அழகா இருந்துச்சு. கிழிக்க மனசு வரல எனக்கு." அம்மாவுக்கு உண்மையிலேயே முகம் சுருங்கிவிட்டது. "நம்மள என்ன கண்ணு தெரியாதவங்கன்னு சொல்லப் போறியா அங்க?"

"சொல்லிட்டுப் போவட்டும்மா," என்றான் தம்பி. "வேலை கெடைக்குதுல்ல? வாய்க்கு என்ன வாடகையா?"

இரவெல்லாம் அந்த வரி அவள் நாக்கில் முள்ளாக நின்றது. பொய் என்பதால் அல்ல. ஒரு காலத்தில் அவளே அதை நம்பியிருந்தாள் என்பதால்தான்.

குழு கூடியது. ஜாடி இருந்த அறைக்கு அடுத்த அறையில் நீளமேசை போட்டு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் ஜாடிப் படம் போட்ட கோப்பையும் வைத்திருந்தார்கள். குழுத் தலைவர் தரைக்கு ஓடு தயாரிக்கும் தொழிற்சாலையின் முதலாளி. புதுக் காலணி போட்டுக்கொண்டு வந்தவர், மேசைக்கு அடியில் குதிகாலை வெளியே எடுத்து வைத்திருந்தார். கூட வந்த அவர் மனைவி வெளியே படங்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் அவளை எழுப்பி நிறுத்தினார். "இவங்க குடும்பத்துல இவங்கதான் முதல் பட்டதாரி. அப்பா மூட்டை தூக்கறவர். சொல்லும்மா."

மேசையைச் சுற்றியிருந்த முகங்களில் ஒரு புன்னகை தயாரானது. நோயாளிக்குப் பழம் கொண்டுபோகிறவர்கள் வாசலிலேயே மாட்டிக்கொள்கிற புன்னகை. அவள் வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்ல யாரும்…"

அம்மாவின் மலையும் தண்ணீரும் படகும் குறுக்கே வந்தன. அவள் நிறுத்தினாள். அப்புறம், பல்லில் சிக்கியதைத் துப்புகிற மாதிரி, கடகடவென்று வந்துவிட்டது.

"அந்தப் படத்துக்குப் பக்கத்துல லேடீஸ் டாய்லெட் இருக்குங்க. உள்ள ரெண்டுல ஒண்ணு ரிப்பேர். எதிர்ல பெஞ்சு, மேல ஏசி. பொண்டாட்டி வர்ற வரைக்கும் எல்லாரும் அங்கதான் உக்காந்திருப்பாங்க. அவங்க மடியில வெச்சிருக்கறது ஹேண்ட்பேக்கு."

யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள். அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

தலைவர் முன்னால் சாய்ந்தார். "அப்போ ஜனங்க அந்தப் படத்தப் பாக்கலங்கறியா?"

"பாக்கறாங்க சார். அங்க வேற பாக்க ஒண்ணுமில்ல."

"டீ சாப்பிட்டுட்டுப் பேசலாம்," என்று மேடம் எழுந்துவிட்டார். வாசல்வரை அவளைத் தள்ளாத குறையாகக் கூட்டிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வரி. ஒரே ஒரு வரி சொல்லச் சொன்னேன். நாளையிலேருந்து நீ வர வேண்டியதில்ல."

அவள் ஜாடி அறையில் போய் நின்றாள். விஷயம் அதற்குள் மீசை அண்ணனுக்கு எட்டியிருந்தது. கதவு அவ்வளவு மெல்லிசு.

"கவுத்துட்டியேம்மா," என்றார்.

"உண்மையைத்தானண்ணே சொன்னேன்."

"அத யாரு கேட்டா? பெஞ்ச எடுத்துட்டாங்கன்னா நாளைக்கி அத்தன பேரும் என் நாற்காலிக்கு வருவான்."

தன்னைப் பற்றிக் கவலைப்படும் ஒரே மனிதர் என்று அவள் அவரை நினைத்திருந்தாள். சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

அப்போதுதான் தலைவரின் மனைவி வேகநடையாக உள்ளே வந்தார். பின்னாலேயே தலைவர், கோப்பையும் கையுமாக, லேசாக நொண்டிக்கொண்டு.

"இதப் புடிங்க. வந்துர்றேன்."

கைப்பை கைமாறியது. பெரிய பை, பித்தளைப் பூட்டு வைத்தது. அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

அவளுடைய விரல் அவளைக் கேட்காமலே பச்சையை அழுத்தியது.

தலைவர் பையை மடியில் வைத்தார். பிறகு பக்கத்தில் வைத்தார். திருட்டுப் பயம் வந்து மறுபடி மடிக்கே எடுத்துக்கொண்டார். போனை எடுத்தார், சிக்னல் இல்லை, உள்ளே போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு ஜாடியைப் பார்த்தார். ஏசி அவருடைய வழுக்கையில் இதமாக ஊதியது. யாரும் கவனிக்கவில்லை என்ற தைரியத்தில் காலணிகளிலிருந்து இரண்டு குதிகாலையும் வெளியே எடுத்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். கண்கள் ஜாடிமேலேயே நின்றன. மீசை அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் மீசை அண்ணனைப் பார்த்தாள். இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

அம்மாள் வெளியே வந்தார். "போலாமா?"

"இரு," என்றார் தலைவர், கண்ணை எடுக்காமல். "கொஞ்ச நேரம் இரு."

அவருடைய குதிகால்கள் இன்னும் காலணிக்குள் போகத் தயாராக இல்லை.

கூட்டம் மறுபடி தொடங்கியபோது அவளை உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவையும் இருக்கவில்லை; தலைவரின் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"அந்தப் பொண்ணு சொல்றது தப்பு. நானே இப்போ போய் உக்காந்து பாத்துட்டு வர்றேன். எனக்கு ஓவியம் பத்தி ஒண்ணும் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா அந்த ஜாடி முன்னாடி உக்காந்தா மனசு அப்படியே அடங்குது. அலைச்சலெல்லாம் எறங்கிப்போச்சு எனக்கு. டாய்லெட்டாம், பெஞ்சாம்! அந்தப் படத்த எங்கயும் நகத்தக் கூடாது. அது அங்கதான் இருக்கணும்."

கைதட்டல் கேட்டது. ஜாடி அதே இடத்தில் இருப்பதென்றும், பெஞ்சுக்குத் தலைவர் செலவில் மெத்தை தைத்து அவர் பெயரில் பித்தளைத் தகடு பொருத்துவதென்றும் முடிவானது. கழிப்பறையின் இன்னொரு அறையைச் சரிசெய்யலாமே என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். அது இந்தக் கூட்டத்தின் பொருளில் இல்லை என்று தள்ளிவைத்தார்கள்.

சாயங்காலம் மேடம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். முகத்தில் கோபம் வடிந்திருந்தது. ஜெயித்தவர்களுக்கு வருகிற தாராளம் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"தலைவர் பெரிய மனுஷர்மா. உன் மேல அவருக்கு வருத்தம் இல்ல. 'அந்தப் பொண்ணு அளந்தது சரி, விளக்கம்தான் தப்பு'ன்னார். அளக்கறதுக்கு நமக்கு ஆள் வேணும். நிரந்தரமா இரு." நியமன ஆணையை மேசைமேல் தள்ளினார். "ஆனா இனிமே விளக்கம் சொல்லாத."

அவள் கையில் டேப்லெட் இருந்தது. தலைவர் பெஞ்சில் உட்கார்ந்தது முதல் எழுந்தது வரை அதில் இருந்தது. 'அவர் மனைவிக்காகத்தான் காத்திருந்தார் மேடம், மடியில் பை இருந்தது' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாக்கியம் தொண்டைவரை வந்தது. மீன் பெட்டிகளும் சித்தப்பா மகளின் மூக்கும் கூடவே வந்தன. காலையில் உண்மையைச் சொன்னது தைரியத்தாலா, அல்லது இழக்கப்போவது எவ்வளவு என்று அப்போது உறைக்காததாலா? இப்போது வேலை கைக்கெட்டும் தூரத்தில் காகிதமாகக் கிடந்தது. இத்தனை நாள் எல்லாரையும் ஏளனமாகப் பார்த்த கண் ஒருதரம் உள்பக்கமாகத் திரும்பியது, பார்க்கச் சகிக்கவில்லை.

"சரிங்க மேடம்," என்று ஆணையை வாங்கிக்கொண்டாள்.

ஆண்டு மலர் அச்சாகி வந்தபோது நடுப்பக்கத்தில் அவள் படம் இருந்தது. ஜாடிக்குப் பக்கத்தில், டேப்லெட்டும் கையுமாக, எதற்கோ விழித்துக்கொண்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில்: 'எங்கள் வீட்டில் யாரும் ஓவியம் என்று ஒன்றைப் பார்த்ததில்லை. இந்த ஜாடி என் கண்ணைத் திறந்தது.'

மலரை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். தம்பி எங்கிருந்தோ ஒன்று வாங்கி வந்துவிட்டான். அம்மா எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள்.

"இத நீ சொன்னியா?"

"இல்லம்மா. அவங்களே போட்டுக்கிட்டாங்க."

அம்மா மலரை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். "படத்துல நல்லாத்தான் இருக்க," என்றாள் கடைசியில். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். எழுத்து இருந்த பாகத்தை மட்டும் மடித்துவிட்டு ஒட்டினாள்.

"அப்ப ஒருநாள் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்," என்றார் அப்பா.

கட்டணமில்லாத ஞாயிற்றுக்கிழமை அன்று இருவரும் வந்தார்கள். அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். கீழ்த்தளத்துப் படங்களை, கிடங்கில் பெட்டி எண்ணுகிற வேகத்தில் பார்த்து முடித்தார். மாடிப்படி ஏறியதில் முட்டி பிடித்துக்கொண்டது. கடைசி அறைக்கு வந்ததும் அம்மா அவளைத் தனியாக இழுத்தாள்.

"இங்க எங்கடி இருக்கு?"

அவள் கதவைக் காட்டினாள். அம்மா கைப்பையை அப்பாவிடம் கொடுத்தாள். "இதப் புடிங்க. வந்துர்றேன்."

பெஞ்சில் இப்போது சிவப்பு மெத்தை. முதுகில் தலைவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. அப்பா மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு முனகலோடு உட்கார்ந்தார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காலை நீட்டினார். மீசை அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே மரியாதைக்குத் தலையசைத்தார்.

உள்ளே ஒரே அறைதான், வெளியே பெண்கள் வரிசை. அம்மா வரக் கொஞ்ச நேரமாகும். எதிரே, புது விளக்கின் வெளிச்சத்தில், பழுப்பு மேசைமேல் பழுப்பு ஜாடி நின்றது. அப்பாவின் முகம் நேராக அதைப் பார்த்திருந்தது. வாழ்க்கையில் அவர் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து அவள் பார்த்ததேயில்லை. ஒருவேளை, என்று அவள் நினைத்தாள். ஒருவேளை தலைவர் சொன்னது… யாருக்குத் தெரியும்?

பக்கத்தில் போய்க் குனிந்தாள். "எப்பிடிப்பா இருக்கு படம்?"

அப்பா திடுக்கிட்டு விழித்தார். "எந்தப் படம்?"

மீசை அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. "ஒண்ணுமில்லப்பா. உக்காருங்க."

"ஏசி சூப்பரா இருக்கும்மா," என்று அவர் மறுபடி தலையைச் சாய்த்தார்.

அவருடைய கால்கள் இரண்டும் மஞ்சள் நாடாவுக்கு நன்றாக உள்ளே இருந்தன. வேலைநேரம். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அவள் டேப்லெட்டைத் தூக்கி, ஜாடியைத் தொட்டு, பச்சையை அழுத்தினாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஈடுபாடு ஓடிக்கொண்டிருந்தது.